திரும்பி வந்த கட்டியும் ஒரு தம்பியின் வாழ்க்கையும்

நான் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் மூளை நரம்பு அறுவைப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்றை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதைக் கேட்டவன் படிவம் ஐந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன்.

அவன் தாயாருக்கு மூளையின் முன்பகுதியில் கட்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. கதிரியக்கச் சிகிச்சையும் முடித்து வீடு திரும்பியவர், மீண்டும் எங்கள் வார்டுக்கே வந்து சேர்ந்தார். கட்டி திரும்பி வந்துவிட்டது. அன்று மாலை அந்தப் பையன் என் மேசை அருகே வந்து நின்றான். அப்படியென்றால் முதலில் செய்த ஆப்பரேஷன் வீண்தானா மிஸ்ஸி என்று கேட்டான். இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். முதல் ஆப்பரேஷனுக்குப் பிறகு அம்மா சோம்பேறியாகிவிட்டார், சமையலறையில் நின்றுகொண்டே இருப்பார், ஆனால் சோறு ஆகாது, அதற்காக அம்மாவைப் பலமுறை திட்டியிருக்கிறேன் என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரிடம் கேளப்பா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த இரவு எனக்கு வேலையே ஓடவில்லை. மறுநாள் எங்கள் வார்டு மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, பென்ஃபீல்டு தம் அக்காளைப் பற்றி எழுதியதைப் படித்துப் பாருங்கள் என்றார். நூலகத்தில் தேடி எடுத்துப் படித்தேன். அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நீங்கள் அவரை அறியாமலே அவருடைய பணியைப் பார்த்திருக்கலாம். உயிரியல் நூல்களில், மூளையின் மேற்பரப்பை ஒட்டி வரையப்பட்ட ஒரு விசித்திர மனித உருவம் உண்டு. அதற்கு உதடும் நாக்கும் பெரியவை. கைவிரல்கள் மிகப் பெரியவை. உடல் மட்டும் சிறியது. உடலின் எந்த உறுப்புக்கு மூளையில் எவ்வளவு இடம் என்பதைக் காட்டும் படம் அது. அதற்கு மூலமான வரைபடத்தை 1937ஆம் ஆண்டில் எட்வின் போல்ட்ரியுடன் சேர்ந்து வெளியிட்டவர் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டு.

தாயின் கனவு

1891ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போகேன் நகரில் பென்ஃபீல்டு பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். ஆனால் அவருடைய மருத்துவத் தொழில் நொடித்துப் போனது. சிறுவனுக்கு எட்டு வயதானபோது தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்னும் சிற்றூரில் இருந்த தம் பெற்றோர் வீட்டுக்குச் சென்றுவிட்டார். அண்ணன் ஹெர்பர்ட், அக்காள் ரூத், கடைக்குட்டி வைல்டர் என்று மூன்று பிள்ளைகள்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க ரோட்ஸ் உபகாரச் சம்பளம் வழங்கப்படுகிறது என்ற செய்தி அந்தத் தாயின் காதுக்கு எட்டியபோது மகனுக்கு வயது 13. இது உனக்குத்தான் என்று அப்போதே அவர் முடிவு செய்துவிட்டார். படிப்பு மட்டும் போதாது, விளையாட்டிலும் சிறந்திருக்க வேண்டும் என்பது அந்த உபகாரச் சம்பளத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. எனவே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பென்ஃபீல்டு அமெரிக்கக் காற்பந்தாட்டத்திலும் கடுமையாக உழைத்தார். 1913இல் பட்டம் பெற்ற பின் அங்கேயே காற்பந்துப் பயிற்றுநராகவும் இருந்தார். பிறகு தாயின் கனவு பலித்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் புறப்பட்டார்.

அங்கே அவருக்கு இரண்டு பெரிய ஆசிரியர்கள் கிடைத்தார்கள். ஒருவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். நரம்புகள் எவ்வாறு ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன என்பதை ஆராய்ந்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். மற்றவர் வில்லியம் ஆஸ்லர். நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் மருத்துவம் கற்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். ஒருவர் மூளையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார், மற்றவர் நோயாளியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

அது முதலாம் உலகப் போர்க்காலம். 1916ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்துகொண்டிருந்த சசெக்ஸ் என்ற கப்பலில் பென்ஃபீல்டு பயணம் செய்தார். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதைத் தாக்கியது. காலில் பலத்த காயத்தோடு அவர் உயிர் தப்பினார். ஆஸ்லர் தம் வீட்டிலேயே அவரைத் தங்க வைத்துக் குணமாக்கினார். தாமே நோயாளியாகக் கிடந்த அந்த நாள்களை அவர் மறக்கவில்லை. உயிர் பிழைத்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி வாழ வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேர்விட்டது.

நுண்ணோக்கியில் தெரிந்த உயிரணு

1918இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் பணியாற்றிய மருத்துவமனையில் பயிற்சி மருத்துவரானார். நவீன மூளை அறுவையின் தந்தை என்று உலகம் போற்றும் குஷிங் இந்தக் கதையில் மீண்டும் வருவார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1921இல் நியூயார்க்கில் அறுவை மருத்துவராகப் பென்ஃபீல்டு பணியைத் தொடங்கினார். வெட்டி எடுக்கும் பொருளைப் பற்றி நன்றாகத் தெரியாமல் வெட்டிக்கொண்டிருக்கிறோமே என்ற குறை அவரை அரித்தது. மூளையில் செய்தி கடத்தும் நரம்பணுக்கள் மட்டும் இல்லை. அவற்றைத் தாங்கியும் ஊட்டியும் காக்கும் கிளையா என்ற துணை உயிரணுக்களும் உண்டு. மூளையிலேயே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் கிளையா வகையைச் சேர்ந்தவை. அந்த உயிரணுக்களைத் தெளிவாகக் காட்டும் சாயமேற்றும் முறையை அப்போது அறிந்திருந்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஹோர்டெகா. 1924இல் பென்ஃபீல்டு மாட்ரிட் நகருக்குச் சென்று அவரிடம் மாணவராக அமர்ந்தார்.

வெள்ளி உப்பைக் கொண்டு சாயமேற்றும் அந்த முறையால் அவர் கண்டு ஆராய்ந்தவற்றுள் ஓலிகோடெண்ட்ரோகிளையா என்ற உயிரணுவும் ஒன்று. சில கிளைகளை மட்டும் உடையது என்பது அந்தப் பெயரின் பொருள். அதைப் பற்றி அவர் அதே ஆண்டில் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். நான்கே ஆண்டுகளில் அந்த உயிரணுவின் பெயர் தம் வீட்டுக்குள்ளேயே நுழையும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

1928ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஜெர்மனிக்குச் சென்று ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்ற நிபுணரிடம் மேலும் கற்றார். நோயாளியை மயக்கமடையச் செய்யாமல், தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவரோடு பேசிக்கொண்டே மூளையில் அறுவை செய்யும் முறை அது. மூளைக்கு வலி உணரும் தன்மை இல்லை என்பதால் இது இயலும். அதே ஆண்டில் கனடாவின் மொன்ட்ரியல் நகருக்குக் குடியேறினார். மெக்கில் பல்கலைக்கழகத்திலும் ராயல் விக்டோரியா மருத்துவமனையிலும் பணி. உடன் வந்தவர் அவருடைய நண்பரும் மாணவருமான டாக்டர் வில்லியம் கோன்.

1928 டிசம்பர்

மொன்ட்ரியலில் வேலை தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அக்காள் ரூத் அவரைத் தேடி வந்தார். ஆறு பிள்ளைகளுக்குத் தாய். இளம் வயதிலிருந்தே அவருக்கு அவ்வப்போது வலிப்பு வந்துகொண்டிருந்தது. இப்போது தலைவலியும் கூடியிருந்தது.

தம்பி கருவியைக் கொண்டு அக்காளின் கண்ணுக்குள் பார்த்தார். கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு தொடங்கும் இடம் வீங்கியிருந்தது. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருப்பதன் அடையாளம் அது. அக்காலத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது, எம்.ஆர்.ஐ. கிடையாது. அவை வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனாலும் என்ன நடக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

யார் அறுவை செய்வது? சொந்த இரத்தத்தின் மீது கத்தி வைக்கலாமா? இன்றைய மருத்துவ ஒழுக்க நெறி, நெருங்கிய உறவினருக்குத் தாமே அறுவை செய்வதைத் தவிர்க்கச் சொல்கிறது. கை நடுங்கக்கூடும் என்பது மட்டும் காரணம் அன்று. நிறுத்த வேண்டிய இடத்தில் மனம் நிறுத்த விடாது. பென்ஃபீல்டும் இதை எண்ணாமல் இல்லை. ஆனால் அந்த வகைக் கட்டிகளை அவ்வளவு ஆழமாகக் கற்றவர்கள் அன்று மிகச் சிலரே. தாமே செய்வது என்று முடிவெடுத்தார்.

டிசம்பர் மாதத்தில் அந்த அறுவை நடந்தது. கோன் உடனிருந்து உதவினார். ரூத் விழித்திருந்தார். மூளையின் வலப்பக்க முன்மடலில் பெரிய கட்டி இருந்தது. அதை எடுப்பதற்காக, கை கால் அசைவை ஆளும் பகுதியின் விளிம்புவரை, வலது முன்மடல் ஏறத்தாழ முழுவதையும் அகற்ற வேண்டியதாயிற்று. இரத்தம் மிகுதியாக வெளியேறியது. கட்டியின் ஒரு சிறு பகுதி ஆழத்தில் எஞ்சியது. அதையும் எடுக்கத் துணிந்தால் அக்காள் மேசையிலேயே இறந்துவிடலாம். அதை விட்டுவிட்டு மூட வேண்டியதாயிற்று.

கட்டியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஓலிகோடெண்ட்ரோகிளையோமா. மாட்ரிட்டில் அவர் மாதக்கணக்கில் உற்றுப் பார்த்த அதே உயிரணுவின் பெயரைத் தாங்கிய கட்டி.

ஓர் இரவு உணவு

ரூத் பிழைத்தார். கலிபோர்னியாவில் இருந்த தம் குடும்பத்திடம் திரும்பினார். பேச்சு தெளிவாக இருந்தது. நினைவாற்றல் நன்றாக இருந்தது. பிள்ளைகளிடம் அன்பு குறையவில்லை. நகைச்சுவைக்குச் சிரித்தார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முழுக் குணம் என்றே தோன்றியிருக்கும்.

அறுவை நடந்து ஏறக்குறைய 15 மாதங்களுக்குப் பின் தம்பி அக்காள் வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்றார். தம்பிக்கும் வீட்டார் நால்வருக்கும் இரவு உணவு சமைக்க ரூத் ஆவலோடு திட்டமிட்டார். தயாரிக்க ஒரு பகல் முழுவதும் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பென்றால் அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தபோது தம்பி சமையலறையில் கண்ட காட்சி வேறு. பொருள்கள் எல்லாம் இருந்தன. ஒன்றிரண்டு பாத்திரங்கள் அடுப்பில் இருந்தன. பச்சைக் காய்க் கலவை தயாராகவில்லை. இறைச்சியை இன்னும் தொடவே இல்லை. நடுவில் அக்காள் களைத்தும் குழம்பியும் நின்றிருந்தார். நாள் முழுக்கத் தனியே பாடுபட்டும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடிக்க அவரால் இயலவில்லை.

உடனே மற்றவர்கள் கைகொடுத்தார்கள். சமையல் விரைவில் முடிந்தது. மேசையில் அமர்ந்து ரூத் எப்போதும்போலப் பேசிச் சிரித்தார். விருந்து நல்லபடியாக நடந்தது.

இந்த நிகழ்ச்சியைப் பென்ஃபீல்டு மறைக்கவில்லை. 1935ஆம் ஆண்டில் ஜோசப் எவன்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய மருத்துவக் கட்டுரையில், நோயாளியின் பெயரைச் சொல்லாமல் அதைப் பதிவு செய்தார். மூளையின் முன்மடல் செய்யும் வேலை என்ன என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எதை எப்போது தொடங்கினால் எல்லாம் ஒன்றாக முடியும் என்று வரிசைப்படுத்தும் திறன் அங்கே இருக்கிறது. இன்று இதை நிருவாகத் திறன் என்கிறார்கள். ரூத் இழந்தது அதைத்தான்.

நூலகத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. சமையலறையில் நின்றுகொண்டே இருக்கும் ஒரு தாயைப் பற்றி ஒரு பையன் என்னிடம் சொல்லியிருந்தானே.

கட்டி திரும்பியது

எஞ்சியிருந்த அந்தச் சிறு பகுதி சும்மா இருக்கவில்லை. ரூத்துக்கு அறிகுறிகள் திரும்பின. இம்முறை தம்பி கத்தியை எடுக்கவில்லை. தம் பழைய ஆசிரியர் குஷிங்கிடம் அக்காளை ஒப்படைத்தார். பாஸ்டனில் குஷிங் இரண்டாம் முறை அறுவை செய்தார். அன்றைய உலகில் அவரைவிடத் தேர்ந்த கை கிடையாது. அந்தக் கையாலும் கட்டியை முழுமையாக வெல்ல முடியவில்லை. 1931ஆம் ஆண்டு ரூத் காலமானார்.

ஏன் திரும்பியது? கிளையா வகைக் கட்டிகள் பழத்துக்குள் இருக்கும் கொட்டைபோல எல்லையோடு இருப்பவை அல்ல. மரத்தின் வேர் மண்ணுக்குள் ஓடுவதுபோல, அவற்றின் உயிரணுக்கள் நல்ல மூளைக்குள்ளும் பரவியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் கட்டியை எடுத்தாலும் தெரியாதவை எஞ்சும். ரூத்துக்கு அறுவை நடந்த அதே 1928இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்டர் டாண்டி ஒரு துணிச்சலான முயற்சியை வெளியிட்டார். கட்டி இருந்த நோயாளிகளுக்கு மூளையின் வலப்பாதி முழுவதையுமே அகற்றினார். அப்போதும் கட்டி திரும்பியது. எவ்வளவு அதிகம் வெட்டினாலும் கத்தி மட்டும் போதாது என்பது அன்றே தெளிவாயிற்று.

ஒரே கூரையின் கீழ்

அக்காளின் மரணம் பென்ஃபீல்டை உலுக்கியது. வேறொருவராக இருந்தால் மூளைக்கட்டி அறுவையையே விட்டிருக்கலாம். அவர் தம் தோல்வியைக் கூர்ந்து ஆராய்ந்தார். அறுவை மருத்துவர் ஒரு கட்டடத்தில், நரம்பு நோய் மருத்துவர் இன்னொன்றில், நுண்ணோக்கி ஆய்வாளர் வேறெங்கோ என்று சிதறிக் கிடந்தால் இந்த நோயை வெல்ல முடியாது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ், நோயாளியின் கட்டிலுக்கு அருகிலேயே வேலை செய்ய வேண்டும். நியூயார்க் நாள்களிலேயே அவர் மனத்தில் முளைத்திருந்த இந்த எண்ணம், ரூத்தின் நோயால் விடாப்பிடியான உறுதியாக மாறியது.

உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம் அது. இருப்பினும் 1932இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 12 லட்சம் டாலருக்கும் அதிகமாக நிதி வழங்கியது. கியூபெக் மாநில அரசும் மொன்ட்ரியல் நகராட்சியும் தனியாரும் உதவினர். 1934ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் மொன்ட்ரியல் நரம்பியல் கழகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பென்ஃபீல்டு கனடாக் குடிமகனானார்.

அந்தக் கட்டடத்தில் நோயாளிகளின் வார்டுகளும் ஆய்வுக்கூடங்களும் ஒன்றாக இருந்தன. அறுவை மருத்துவர், நரம்பு நோய் மருத்துவர், நோய்க்கூறு ஆய்வாளர், பின்னர் மூளையின் மின் அலைகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர், நினைவாற்றலை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் எனப் பலர் சேர்ந்தனர். தாதியர் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் ஐலீன் ஃபிளானகன். அவர் தொடக்கம் முதல் ஏறக்குறைய 27 ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் பெயர் அந்த வரலாற்றில் இடம்பெற்றிருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

நோயாளியை விழித்திருக்கச் செய்து அறுவை செய்யும் முறையைப் பென்ஃபீல்டு அங்கே மேலும் செம்மைப்படுத்தினார். மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொட்டு, எந்த இடம் பேச்சுக்கு, எந்த இடம் கைக்கு என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் நான் முன்பு சொன்ன மூளை வரைபடம் பிறந்தது. எதை எடுத்தால் நோய் தீரும் என்பதோடு, எதை எடுத்தால் மனிதன் எதை இழப்பான் என்பதையும் தெரிந்துகொண்டு வெட்ட வேண்டும். ரூத்தின் சமையலறையைப் பார்த்துத் திரும்பியவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

1960 வரை அந்தக் கழகத்தின் இயக்குநராக இருந்தார். 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் தமது 85ஆம் வயதில் மொன்ட்ரியலில் காலமானார். இறுதி நாள்களில் அவர் எழுதி முடித்த தன்வரலாறு மறு ஆண்டு வெளிவந்தது. அதன் பெயர் ‘நோ மேன் அலோன்’. எந்த மனிதனும் தனியாள் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இன்றைய நிலை

கட்டி திரும்பினால் இன்று என்ன செய்கிறார்கள்? முதலில், அது உண்மையிலேயே திரும்பியதுதானா என்று பார்க்கிறார்கள். கதிரியக்கச் சிகிச்சைக்குப் பின் சிலருக்கு ஏற்படும் வீக்கம், ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோலவே தெரியும். அவசரப்பட்டு முடிவு செய்தால் தவறாகிவிடும். கட்டிதான் என்று உறுதியானால் மீண்டும் அறுவை, மீண்டும் கதிரியக்கம், மருந்து, புதிய மருந்துச் சோதனைகள் என வழிகள் உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வழி கிடையாது. கட்டி இருக்கும் இடம், அதன் வகை, முதல் சிகிச்சைக்குப் பின் கடந்த காலம், நோயாளியின் உடல்நிலை ஆகியவற்றோடு, அவர் எதை விரும்புகிறார் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்காக அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், கதிரியக்க நிபுணர், நோய்க்கூறு ஆய்வாளர், தாதியர் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுகிறார்கள். பென்ஃபீல்டு கண்ட கனவின் தொடர்ச்சி அது.

நோயாளியின் நிலையை அளக்க கார்னோஃப்ஸ்கி அளவுகோல் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறோம். 100 என்றால் குறையே இல்லை. 70 என்றால் தம் வேலைகளைத் தாமே கவனித்துக்கொள்வார், ஆனால் வழக்கமான பணிக்குச் செல்ல இயலாது. 50 என்றால் பிறர் உதவி நிறையத் தேவை. எத்தனை மாதம் வாழ்ந்தார் என்பதோடு, அந்த மாதங்களில் எப்படி வாழ்ந்தார் என்பதையும் கேட்பதற்காகத்தான் இந்த எண்கள். வலி, வலிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. அது கடைசி நாளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டி திரும்பியது என்று தெரிந்த நாளிலேயே அதைத் தொடங்குவதுதான் நல்லது.

முன்னேற்றமும் இருக்கிறது. கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய வகை இன்னும் ஏறத்தாழ எல்லோரிடமும் திரும்பி வருகிறது. ஆனால் ரூத்துக்கு வந்த ஓலிகோடெண்ட்ரோகிளையோமாவின் நிலை மாறியிருக்கிறது. கட்டியின் மரபணுவைப் பார்த்தே இன்று அதை அடையாளம் காண்கிறார்கள். இந்த வகையின் தீவிர வடிவம் கொண்டவர்களிடம் நடத்தி, 2013இல் முடிவு வெளியிடப்பட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கதிரியக்கம் மட்டும் பெற்றவர்களுள் பாதிப் பேர் 7.3 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தனர். கதிரியக்கத்தோடு கீமோதெரபி மருந்துகளும் பெற்றவர்களுக்கு அந்தக் காலம் 14.7 ஆண்டுகள். முதல் அறுவைக்குப் பின் ரூத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். ஒரு நோயாளிக்கு நேர்ந்ததையும் இன்னொரு நோயாளிக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதி வைத்தவர்களால்தான் இந்த இடைவெளி உருவானது.

அந்த மாணவனுக்கு

புத்தகத்தைப் படித்து முடித்த பின் அந்தப் பையனைத் தேடிச் சென்றேன். ரூத்தின் கதையைச் சொன்னேன். சமையலறைப் பகுதி வந்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா சோம்பேறி இல்லையா என்று மட்டும் கேட்டான். இல்லையப்பா, எதை முதலில் செய்வது என்று சொல்லித்தரும் பகுதி அம்மாவுக்கு இப்போது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் என்றேன். இதை முதல் அறுவைக்குப் பிறகே நாங்கள் அந்தக் குடும்பத்துக்கு விளக்கியிருக்க வேண்டும். மருந்து நேரத்தைச் சொன்னோம், தையலைப் பற்றிச் சொன்னோம். வீட்டில் என்ன மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. அது என் போன்றவர்களின் குறை.

அவர் தாயாருக்கு இரண்டாம் அறுவை நடந்தது. வீடு திரும்பினார். ஒருநாள் பரிசோதனைக்கு வந்தபோது மகனும் வந்திருந்தான். காலையில் ஒரு தாளில் வரிசையாக எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டிவிடுகிறானாம். முதலில் அரிசி களைவது, பிறகு வெங்காயம் நறுக்குவது, பிறகு குழம்பு. பள்ளி முடிந்து வந்து அம்மாவோடு சேர்ந்து நின்று முடிக்கிறானாம். குழம்பில் உப்பு மட்டும் கூடிவிடுகிறது என்று தாயார் சிரித்தார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். இதையும் நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

முதல் அறுவை வீண்தானா என்ற கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அந்த அறுவையால் அவனுக்கு அம்மாவோடு மூன்று ஆண்டுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பகுதியை அவன் கோபத்தில் கழித்ததற்குக் காரணம் அறுவை அன்று, அவனுக்கு யாரும் விளக்காததே. இரண்டாம் அறுவை தந்த ஓராண்டை அவன் வேறு விதமாகக் கழித்தான்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை மருத்துவர்களாகவும் தாதியராகவும் ஆய்வாளர்களாகவும் வருவீர்கள். ஒரு நோயாளி வீடு திரும்பும் நாளில் அவர் குடும்பத்தாரை உட்கார வைத்து, வீட்டில் என்ன மாறியிருக்கும் என்று பத்து நிமிடம் பேசுங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் யாரேனும் பெரிய நோயிலிருந்து மீண்டு வந்து பழையபடி இல்லாமல் தடுமாறினால், திட்டுவதற்கு முன் சமையலறைக்குள் சென்று ஒரு கை கொடுங்கள். பென்ஃபீல்டு அன்றிரவு தம் அக்காள் வீட்டில் கண்டதும் அதைத்தான்.